நாலாயிரம் லிட்டர் மன்னிப்பு

அருங்காட்சியகத்தின் மூன்றாவது கூடத்தில், வாசலை ஒட்டினாற்போல் ஒரு இரும்பு நாற்காலி கிடக்கும். அந்த நாற்காலியில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து, ஒரே ஒரு சொல்லைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவரின் கதை இது. சொல் இதுதான்: "தொடாதீங்க." ஊரில் எத்தனையோ பேர் மணிக்கணக்காகப் பேசியும் ஒரு காரியம் நடத்த முடியாமல் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கையில், ஒற்றைச் சொல்லை வைத்து ஒரு குடும்பத்தை நடத்தியது லேசுப்பட்ட விஷயமல்ல.

கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் தொடாதீங்கக்கா. அவசரத்துக்கு அக்கா. சொல் அவருடைய நாக்கில் அப்படி ஊறிப்போயிருந்தது. ஒருமுறை பஸ்ஸில் கண்ணயர்ந்தவர் தூக்கத்தில் சத்தமாக "தொடாதீங்க!" என்று சொல்லிவிட, பக்கத்தில் மூட்டையும் கையுமாக நின்ற அப்பாவி மனிதரை மொத்த பஸ்ஸும் சேர்ந்து கீழே இறக்கிவிட்டது. அக்கா விழித்துப் பார்த்தபோது பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியிருந்தது. அந்த மனிதரை நினைத்து ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் கணவர். கொத்தனார். ஊரில் பாதிக் கட்டடம் அவர் பூசியது. மூன்று வருஷத்துக்கு முன், தான் பூசிக்கொண்டிருந்த சுவரிலிருந்தே சாரம் சரிந்து கீழே வந்தார். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யவில்லை. அந்த வேலையையும் சேர்த்து வாய் பார்த்துக்கொண்டது.

படுத்தே கிடப்பவர்களுக்கு முதுகில் வரும் புண் அவருக்கும் வந்தது. வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பிப் படுக்க வேண்டும், காலையும் மாலையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துக் கட்டுப் போட வேண்டும். திரும்புகிற வேலையைக் கொத்தனார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி, பக்கத்தில் கடிகாரத்தை வைத்து, மணி அடித்தால் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தன்னைத்தானே புரட்டிப் போட்டுக்கொள்வார். "சிமென்ட் மூட்டை புரட்டினவன், இந்த மூட்டையைப் புரட்ட மாட்டேனா?" என்பார். கழுவுகிற வேலை அக்காவுடையது. அதற்குத் தண்ணீர் வேண்டும். சிக்கல் அங்கேதான் இருந்தது.

மழை பொய்த்து மூன்றாவது வருஷம். ஊருக்குத் தண்ணீர் தந்த ஏரியில் இப்போது கிரிக்கெட் ஆடினார்கள். அக்காவின் தெருவுக்குத் தினமும் காலையில் ஒரு லாரி வந்தது. வீட்டுக்கு ஆறு குடம். குடிக்க, ஆக்க, கழுவ எல்லாம் அதற்குள். இழுத்துப்பிடித்து ஓட்டிவிடலாம். ஓட்டிக்கொண்டுதான் இருந்தார், வெறுங்காலார் வரும்வரைக்கும்.

வெறுங்காலார் உலகம் அறிந்த கலைஞர். பூமியை மிதிக்கும்போது இடையில் தோல் குறுக்கே வரக்கூடாது என்று செருப்பைத் துறந்தவர். துறந்த செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் எப்போதும் பின்னால் வருவார். பருவநிலை மாறிப்போனதில் மனம் உடைந்து, அந்தத் துயரத்தை ஊர் ஊராகச் சொல்ல வேண்டி, வருஷத்தில் பாதி நாள் விமானத்திலேயே இருந்தார். இயற்கை ஒரு கோயில், நாம் அதைச் சந்தையாக்கிவிட்டோம் என்று அவர் கண்கலங்கிச் சொல்லும்போது கேட்பவர்களுக்கும் கண் கலங்கும். அது பொய்யழுகை இல்லை. அதுதான் வருத்தம். பொய்யாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் எழுந்து கேள்வி கேட்டிருப்பார்.

மூன்றாவது கூடத்தில் அவர் நிறுவிய படைப்பின் பெயர் 'மன்னிப்பு'. கூரையிலிருந்து தரைவரைக்கும் இருபதடி உயரத்துக்குக் கருங்கல் சுவர். அதன்மேல் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை கண்ணாடித் தாள்போல் தண்ணீர் வழியும். கீழே கருங்கல் தொட்டி. எதிரில் விளக்கப்பலகை: மனித குலம் தண்ணீரிடம் கேட்கும் மன்னிப்பு இது, நீர் புனிதமானது, தொடாதீர்கள். நாள் ஒன்றுக்கு நாலாயிரம் லிட்டர். அருங்காட்சியகத்தின் எலெக்ட்ரீஷியன், உலக ஞானம் போதாதவர், கண்காட்சி தொடங்குவதற்கு முன்பே ஒரு யோசனை சொன்னார்.

"சார், அடியில ஒரு சின்ன மோட்டார் வச்சிட்டா அதே தண்ணி சுத்திச் சுத்தி வரும். தினமும் மாத்த வேண்டாம்."

வெறுங்காலார் அவர் தோளில் கை வைத்தார். "தம்பி, ஒரு நாள் முழுக்க மனுஷங்க பார்வை பட்ட தண்ணி களைச்சுப்போயிடும். களைச்ச தண்ணிகிட்ட எப்படிப்பா மன்னிப்புக் கேட்கிறது?"

எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துகொண்டே போனார். தினமும் காலையில் புதுத் தண்ணீர் லாரியில் வந்து மாடித் தொட்டியில் ஏறியது. மாலையில் களைத்த தண்ணீர் சாக்கடைக்குப் போனது. கீழே இருந்த கருங்கல் தொட்டியின் அடியில் ஒரு வால்வு. ஐந்தேகால் மணிக்கு அதைத் திறந்துவிடும் வேலையை அக்காவிடம் கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் அருங்காட்சியகத்துப் பொருள் ஒன்றைத் தொடுவதற்கு அவருக்குக் கிடைத்த முதல் அனுமதி. அன்று வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னார்.

"பதவி உயர்வா?" என்றார் கொத்தனார். "இத்தனை வருஷம் தொடாதேன்னு சொன்ன கைக்கு இப்ப சாக்கடையைத் திறக்கிற அதிகாரம். வாழ்க."

கண்காட்சி தொடங்கிய நாலாம் நாள் தெருவுக்கு லாரி வரவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. ஆறாம் நாள் காலை, வேலைக்குச் சற்று முன்னதாக வந்த அக்கா, அருங்காட்சியகத்தின் பின்வாசலில் குழாய் மாட்டிக்கொண்டிருந்த லாரிக்காரரைப் பார்த்தார். நன்றாகத் தெரிந்த முகம்.

"என்னப்பா, எங்க தெருவுக்கு ஏன் வரலை? வண்டி பழுதா?"

"வண்டிக்கு என்னக்கா? கல்லு மாதிரி இருக்கு." லாரிக்காரர் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு சிரித்தார். "உங்க தெரு லோடுதான் இது. இங்க கொட்டச் சொல்லி உத்தரவு. உங்களுக்கு இனிமே மூணு நாளைக்கு ஒருவாட்டி. வீட்டுக்கு நாலு குடம். யாரோ பெரிய சாமியார் வந்திருக்காராமே, தண்ணியைக் கும்பிட?"

"சாமியார் இல்லைப்பா, கலைஞர்."

"ஏதோ ஒண்ணு. நம்ம தண்ணியை வச்சு நமக்காகக் கும்பிடுறாரு. விடுங்க, புண்ணியம் உங்க தெருவுக்கும் வரும்ல."

புண்ணியம் வளர்ந்ததோ என்னவோ, புண் வளர்ந்துவிட்டது. நாலு குடத்தை மூன்று நாளைக்கு வைத்தால் குடிக்கவும் ஆக்கவுமே பற்றாது. கழுவுவது போய் ஈரத்துணியால் துடைப்பது என்றானது, அதுவும் ஒருவேளை. முதலில் மொசைக் சில்லு அளவு இருந்த புண், பத்து நாளில் உள்ளங்கை அகலம் ஆனது. கொத்தனாருக்குத் தன் முதுகு தெரியாது. அக்கா அளவு சொல்ல வேண்டும்.

"எவ்வளவு இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"பொய் சொல்லாதேடி. சுவரு ஓதம் ஏறினா அடுத்த ரூம்ல இருந்தே எனக்கு வாசம் தெரியும். என் முதுகு தெரியாதா?"

இந்த நேரத்தில்தான் அக்கா, பத்தொன்பது வருஷ ஊழியத்தில் பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைச் செய்தார். முறைப்படி மனு எழுதினார். மாலையில் சாக்கடைக்குப் போகும் தண்ணீரில் தினம் பத்து லிட்டர் மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும், கணவரின் புண்ணைக் கழுவ என்று ஒரே பக்கத்தில் மணிமணியாக எழுதி அலுவலகத்தில் கொடுத்தார். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. பத்து மணிமுதல் ஐந்து மணிவரை மேற்படி நீர் ஒரு கலைப்படைப்பு. ஐந்து மணிக்குமேல், சாக்கடைக் கம்பியைத் தாண்டும்வரை அது கலைப்படைப்பின் எச்சம், காப்பீட்டுக்கு உட்பட்டது. கம்பியைத் தாண்டியபின் மாநகராட்சிக்குச் சொந்தம். எனவே மனுதாரர் கழிவுநீர்ப் பிரிவை அணுகவும்.

கொத்தனார் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "என்ன அழகா எழுதியிருக்கான்! கம்பிக்கு இந்தப் பக்கம் கலை, அந்தப் பக்கம் சாக்கடை. நான் கட்டின வீட்டுலகூட எல்லைச்சுவர் இவ்வளவு சுத்தமா நிக்கலையே."

மறுநாள் அக்கா திருடினார்.

தரை துடைக்கும் மருந்து வரும் நீலக் கேன்கள் இரண்டை நன்றாகக் கழுவி ரெக்சின் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஐந்து மணிக்குக் கூடம் காலியானது. ஐந்தேகாலுக்கு வால்வைத் திறக்கும் முன், தொட்டியருகே முட்டி போட்டுக் கேனைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். கை தண்ணீரில் பட்டதும் வாய் தன்னால் "தொடாதீங்க" என்றது. சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. அவருக்கு அவரே சொல்லிக்கொண்டதுதான். கேட்கவில்லை.

வாசலில் காவலாளி பையைத் தட்டினார். "என்னக்கா, கனமா இருக்கு?"

"தண்ணி."

"தண்ணியா? சரி சரி, போங்க." காவலாளியின் பதிவேட்டில் ஓவியத்துக்கு ஒரு பத்தி, சிலைக்கு ஒரு பத்தி, கணினிக்கு ஒரு பத்தி இருந்தது. தண்ணீருக்கு எதுவும் இல்லை. இத்தனை பெரிய அருங்காட்சியகத்தில் நெஞ்சைத் தொட்டு உண்மை சொல்லிவிட்டுத் திருட முடிந்த பொருள் அது ஒன்றுதான்.

மூன்று வாரம் அப்படிப் போனது. காலை ஒரு கேன், மாலை ஒரு கேன். புண் உள்ளங்கையிலிருந்து ஓட்டுச்சில்லு அளவுக்குச் சுருங்கி, ஓரத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாகப் பிடித்தது. நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, என்ன மருந்து போட்டீங்க?" என்று கேட்டார்.

"மன்னிப்பு," என்றார் கொத்தனார்.

நர்சம்மா புதுக் களிம்பு ஏதோ என்று நினைத்து, பெயரைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு போனார்.

நாலாவது வாரம் அக்கா கையும் களவுமாகப் பிடிபட்டார். பிடித்தது காவலாளி அல்ல, வெறுங்காலார். அவர் சில நாள்களில் கூடம் மூடியபின் தூணுக்குப் பின்னால் சம்மணமிட்டுத் தண்ணீரின் அமைதியைக் கேட்பது வழக்கம்; இது அக்காவுக்குத் தெரியாது. கேன் நிறைந்து மூடியைத் திருகும்போது பின்னால் விசும்பல் கேட்டது. திரும்பினால் கலைஞர் நின்று அழுதுகொண்டிருந்தார்.

அக்காவின் உயிர் ஒருகணம் போய் வந்தது. "ஐயா, தெரியாம செஞ்சிட்டேன். வீட்டுக்காரருக்கு முதுகில புண்ணு. தெருவுல தண்ணி இல்லை. ஊத்திடுறேன் ஐயா, இப்பவே ஊத்திடுறேன்."

"ஊத்தாதீங்க!" என்றார் வெறுங்காலார். "அம்மா, முட்டி போட்டீங்க. யாரும் சொல்லாம முட்டி போட்டீங்க. உலகம் பூரா சுத்தியிருக்கேன், தண்ணி முன்னாடி இப்படி ஒருத்தர் மண்டியிட்டு நான் பார்த்ததே இல்லை."

தொட்டி தாழ்வாக இருக்கிறது, முட்டி போடாமல் கேன் முழுகாது என்று அக்கா சொல்ல வாயெடுத்தார். பிறகு, மன்னிக்கிறவரிடம் விளக்கம் சொல்லிக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் அருங்காட்சியகத்தின் இயக்குநரம்மா அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏ.சி. அறை. நாற்காலி போட்டார்கள். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அக்கா உட்கார்ந்தது அன்றுதான். வெறுங்காலாரும், விளக்கப்பலகை எழுதும் பெண்ணும் இருந்தார்கள்.

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லப் போறதில்லை," என்றார் இயக்குநரம்மா. "சார் அதைப் படைப்போட ஒரு பகுதியா ஏத்துக்கிட்டாரு. இனிமே தினமும் நாலரை மணிக்கு, பார்வையாளர்கள் முன்னாடி, நீங்க வந்து தண்ணி எடுக்கணும். நேத்து எப்படி எடுத்தீங்களோ அப்படியே. சரியா?"

"தண்ணி எடுக்கலாமாம்மா? வெளிப்படையா?"

"வெளிப்படையாத்தான் எடுக்கணும்."

அக்கா அன்று பஸ்ஸில் தூங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். கொத்தனார் கயிற்றைப் பிடித்துச் சற்று எழுந்து உட்காரப் பார்த்தார்.

"எல்லாருக்கும் முன்னாடியா? கைதட்டுவாங்களா?"

"தட்டினா தட்டட்டுமே. நமக்குத் தண்ணிதானே முக்கியம்."

"அதுவும் சரிதான். ஆனா பாத்துக்கோ. திருடனைப் பிடிச்சு மாலை போடுற ஊருல, மாலைக்குள்ள என்ன வச்சுக் கட்டியிருக்கான்னு பாக்கணும்."

முதல் நாள் நாலரை மணிக்கு நூறு பேர் கூடியிருந்தார்கள். அக்காவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கதர் உடுப்பு கொடுத்தார்கள். நீலக் கேன்களைக் காணவில்லை. அவற்றுக்குப் பதிலாகச் செம்புக் குடம் ஒன்று வைத்திருந்தார்கள், பிளாஸ்டிக் படத்தில் உறுத்துமாம். அக்கா முட்டி போட்டார். குடத்தை அமிழ்த்தினார். மொண்டு எழுந்தார். கூடம் கைதட்டியது. வெறுங்காலார் முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தபோது, விளக்கப்பலகைப் பெண் ஓடிவந்து காதோடு சொன்னாள்.

"அக்கா, எங்க போறீங்க? திருப்பி ஊத்தணும்."

"எதை?"

"தண்ணியை. தொட்டியிலேயே ஊத்திடணும்."

"ஏம்மா, எடுக்கச் சொன்னாங்களே?"

"எடுக்கத்தான் சொன்னாங்க. எடுத்துட்டுப் போகச் சொல்லலையே. தாகம் தீராததுதான் கருத்து. தீர்ந்துட்டா அர்த்தம் போயிடும்லக்கா." பெண் நல்லவள்தான், சொல்லும்போது முகம் சுருங்கிப்போனது. "அதோட இப்ப இது படைப்போட பகுதி. ஒரு சொட்டு குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும்."

நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க அக்கா திரும்பி நடந்து குடத்தைத் தொட்டியில் கவிழ்த்தார். இந்தமுறை கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஊற்றுகிற இடம்தான் உருக்கம் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின.

வால்வைத் திறக்கும் வேலையும் போயிற்று. முக்கியமான படைப்பின் வால்வைச் சாதாரண ஊழியர் கையில் விடலாமா? பொறியாளர் ஒருவர் வந்து திறந்தார். தொட்டியைப் பார்த்தபடி இரண்டு காமிராக்கள் வைத்தார்கள். காணாமல்போன நீலக் கேன்கள் கூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், மேலிருந்து விழும் விளக்கொளியில் உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் கண்ணாடியில் கை வைத்தால் தடுக்கிற பொறுப்பு அக்காவுடையது.

திருடியபோது தினம் பத்து லிட்டர் கிடைத்தது. கௌரவித்தபின் ஒரு சொட்டும் இல்லை. பன்னிரண்டு நாளில் புண் மறுபடி உள்ளங்கை அளவாகி, நடுவில் கறுத்துக் குழிந்தது. கொத்தனார் பேச்சைக் குறைத்தார். அக்காவுக்குப் பயம் வந்தது அப்போதுதான். அந்த மனிதர் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தபோதுகூடப் பேசிக்கொண்டேதான் விழுந்தார்.

பதின்மூன்றாம் நாள் கொத்தனாருக்கு உடம்பு கொதித்தது. அக்கா நர்சம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். நாளைக்குத்தான் வர முடியும், அதுவரை கழுவிவிட்டுக்கொண்டே இருங்கள் என்று பதில். வீட்டில் அரைக்குடம் தண்ணீர் இருந்தது. லாரிக்கு இன்னும் இரண்டு நாள்.

அன்று நாலரை மணிக்கு அக்கா முட்டி போட்டார். குடத்தை நிறைத்தார். எழுந்து, வாசல் வழியாக வெளியே நடந்தார்.

யாரும் தடுக்கவில்லை. விளக்கப்பலகைப் பெண் வெறுங்காலாரைப் பார்த்தாள். வெறுங்காலார் நெஞ்சில் கை வைத்து, "போகவிடுங்க. இது அவங்களுக்குள்ள இருந்து வருது," என்றார். பார்வையாளர்களுக்கு இது புதுக் காட்சி. நூறு பேரும் செல்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் வந்தார்கள். காவலாளி குடத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பதிவேட்டை மூடி வைத்தார்.

வெளியே வெயில் இறங்கவில்லை. முதல் சிக்னலுக்குள் பாதிப் பேருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவது சிக்னலில் மிஞ்சியவர்கள் பத்துப் பேர். வெறுங்காலார் மட்டும் விடாமல் வந்தார். ஆனால் நடையில் ஒரு நடனம் சேர்ந்திருந்தது. பளிங்குத்தரையிலும் விமான நிலையத்திலும் அவர் மிதித்துப் பழகிய பூமி வேறு. இது தார் போட்ட பூமி, சுட்டது. மருந்துக்கடை நிழலில் நின்று கையை நீட்டினார். பின்னால் வந்த ஆள், இத்தனை வருஷ உத்தியோகத்துக்கு அன்றுதான் ஓர் அர்த்தம் கிடைத்தவராக, செருப்பைக் கீழே வைத்தார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. குடத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்தாலும் இடது கையால் ஏந்திக் குடத்திலேயே விட்டுக்கொண்டு நடந்தார். அரைமணி நேரத்தில் வீட்டை அடைந்தபோது பின்னால் நாலு பேர் இருந்தார்கள்: கலைஞர், செருப்பு ஆள், விளக்கப்பலகைப் பெண், படம் பிடிப்பவர் ஒருவர்.

ஒற்றை அறை. வாசலைப் பார்த்த கட்டில். கொத்தனார் கண்ணைத் திறந்தார்.

"யாருடி இது, செருப்போட உள்ள வர்றாரு?"

"இவர்தாங்க அந்த வெறுங்காலார்."

கொத்தனார் கலைஞரின் காலையும் முகத்தையும் ஏற இறங்கப் பார்த்தார். காய்ச்சலிலும் உதட்டோரம் அசைந்தது. "நல்லா இருக்கட்டும். தரை இப்பத்தான் துடைச்சது, பாத்து வரச் சொல்லு."

"எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க," என்றார் அக்கா.

"இந்தத் தருணத்தைப் பதிவு செஞ்சா..." என்று தொடங்கினார் வெறுங்காலார்.

"அவருக்குத் துணி அவிழ்க்கணும் ஐயா. வெளியே இருங்க."

கதவைச் சாத்தி, குடத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு கழுவினார். கீழே பெரிய அலுமினியச் சட்டி வைத்துப் பிடித்தார். சீழும் ரத்தமும் கறுத்த தோலும் வந்தன. கொத்தனார் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டார். வெளியே நாலு பேரும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கைதட்டத் தொடங்கினார். மற்றவர்கள் சேர்ந்துகொள்ளாததால் நின்றது.

கதவு திறந்தபோது விளக்கப்பலகைப் பெண் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. தண்ணி... திரும்பி வரலைன்னா காப்பீட்டுக்காரங்க என்னைத்தான் கேப்பாங்க."

அக்கா உள்ளே போனார். சட்டியில் இருந்ததைக் குடத்தில் ஊற்றி, துணியால் வாயைக் கட்டிக் கொண்டுவந்து கலைஞரிடமே நீட்டினார். "இந்தாங்க ஐயா. ஒரு சொட்டு குறையாது, கொஞ்சம் கூடத்தான் இருக்கும்."

வெறுங்காலார் இரு கையாலும் பயபக்தியோடு வாங்கினார். வாசனை துணியைத் தாண்டி மேலே வந்தது. பயபக்தி கலையாமலேயே குடத்தைச் செருப்பு ஆளிடம் கொடுத்தார்.

அருங்காட்சியகத்தார் அக்காவை வேலையைவிட்டு நீக்கவில்லை. அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை; அவர் படம்தானே கண்காட்சிப் புத்தகத்தின் அட்டையில் இருந்தது. குடத்துத் தண்ணீர் சோதனைச் சாலைக்குப் போய், மூலப்படைப்போடு பொருந்தவில்லை என்று சான்றிதழோடு திரும்பியது. அக்காவை ஐந்தாவது கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே வற்றிய ஏரிகளின் ஓவியங்கள் இருந்தன. எடுத்துப்போக ஒன்றும் கிடையாது. மூன்றாவது கூடத்தில் முட்டி போட நாடக நடிகை ஒருத்தியை அமர்த்தினார்கள். நன்றாகச் செய்தாளாம். தொடாதீங்கக்காவிடம் இல்லாத தாகம் அவள் முகத்தில் தெரிந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அக்கா குடத்தோடு வீட்டுக்கு நடந்த மறுநாள் நர்சம்மா வந்து புண்ணைப் பார்த்த வேகத்தில் வண்டியைக் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரி. அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். விலா எலும்பு ஓரமாகத் தெரிந்தது. மூன்று நாள் கொத்தனார் யாரையும் கிண்டல் செய்யவில்லை. நாலாம் நாள் அடுத்த கட்டில்காரரின் குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அக்கா சேலைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வார்டின் கடைசியில் ஒரு குழாய் இருந்தது. ஆஸ்பத்திரிக்கென்று தனி ஆழ்குழாய்க் கிணறு. அக்கா முதல் தடவை திறந்தபோது தண்ணீர் கொட்டியது. நம்பாமல் மூடினார். மறுபடி திறந்தார். கொட்டியது. ஒரு வாளி நிறையப் பிடித்து, கேனில்லாமல், குடமில்லாமல், யாருக்கும் மனு எழுதாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னடி, குழாயோட கண்ணாமூச்சி ஆடிட்டு வர்றே?"

"எப்பத் திறந்தாலும் வருதுங்க."

"சத்தமா சொல்லாதே. எவனாவது கலைஞன் காதுல விழுந்துடப் போகுது."

காலையும் மாலையும் வாளி வாளியாகக் கழுவினார். இரண்டே வாரத்தில் குழி நிரம்பத் தொடங்கியது. ஓரம் இளஞ்சிவப்பானது. காலை நேரத்தில் மாணவர்கள் புடைசூழ வந்த டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ரொம்ப நல்லா ஆறிட்டு வருதும்மா. நீங்க பாத்துக்கிட்ட விதம் அப்படி. இதே மாதிரி போனா பத்து நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

அந்த வார்டில் இருபத்துநாலு கட்டில். வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டு முகம் செத்துப்போன பெண்மணி அக்கா ஒருவர்தான். வீட்டில் மூன்று நாளைக்கு நாலு குடம். கண்காட்சிக்கு ஊரில் ஏகப்பட்ட வரவேற்பாம். வருஷ முடிவுவரை நீட்டியிருந்தார்கள்.

கொத்தனார் கயிறு இல்லாத கையை டாக்டரை நோக்கி நீட்டினார். "டாக்டர், ஒண்ணும் அவசரமில்லை. நிதானமா ஆறட்டும்."

மாணவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தபடி அட்டையில் ஒரு தேதியை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அக்கா வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தார். கழுவக் கழுவப் புண் ஆறும். ஆற ஆற வீடு நெருங்கும். வாளி பாதி நிறைந்ததும் குழாயை மூடிவிட்டு, கொஞ்சநேரம் அப்படியே நின்றார். பிறகு மறுபடி திறந்து, முழுசாகவே பிடித்துக்கொண்டு வந்தார்.